உயிரெழுத்து இல்லாத வார்த்தை

ஆஸ்பத்திரி ஆயா மாரிக்கொழுந்து, லேப் உதவியாளர் வேலைக்கு மனுப் போட்டாள். பெரிய டாக்டர் வைத்தீஸ்வரனுக்குப் பொறுக்கவில்லை.

"இங்கிலீஷ் தெரியாம லேப்புக்கா? ஏ, இ, ஐ, ஓ, யு எதுவும் வராம அஞ்செழுத்து இங்கிலீஷ் வார்த்தை ஒண்ணு சொல்லு பார்ப்போம். அஞ்சு நிமிஷம்தான்!"

கூட நின்ற டாக்டர்களே முழித்தார்கள். மாரிக்கொழுந்து அங்குமிங்கும் நடந்தாள், மருந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். கடைசி நிமிஷத்தில், மேஜைமேல் பெரிய டாக்டர் எழுதி வைத்திருந்த நிணநீர்ப் பரிசோதனைச் சீட்டு கண்ணில் பட்டது.

"எல், ஒய், எம், பி, ஹெச். லிம்ஃப்! நீங்க எழுதினதுதாங்க ஐயா."

டாக்டர் விரல்விட்டு எண்ணினார். "அது வைத்திய வார்த்தை, செல்லாது!"

"அப்ப இந்தச் சீட்டும் செல்லாதுன்னு நோயாளிகிட்ட சொல்லிரட்டுங்களா?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் மனுவில் கையெழுத்துப் போட்டார்.