வெள்ளிக்கிழமையானால் படுக்கும் கார்

ரைஸ்மில் முதலாளி வேதாசலத்தின் பழைய பெட்ரோல் கார் மற்ற நாளெல்லாம் சொன்னபடி ஓடும். வெள்ளிக்கிழமை மட்டும் படுத்துக்கொள்ளும். அன்றைக்கென்று முதலாளியே குடம் நிறைய மஞ்சள் தண்ணீரை பானெட்மேல் ஊற்றி, பூசை போட்டும் அசையாது.

“எல்லாம் உன்னைப் பிடிச்ச பீடை! இன்னைக்கும் ஸ்டார்ட் ஆகலேன்னா வேலையை விட்டுப் போயிடு,” என்று அந்த வெள்ளிக்கிழமையும் குடத்தோடு வந்து டிரைவர் மாசிலாமணியிடம் கத்தினார் முதலாளி.

“பீடை பிடிச்சது என்னைத்தானே? அந்தத் தண்ணியை என் தலையில ஊத்துங்க முதலாளி.”

முதலாளி ஆசைதீர ஊற்றினார். மாசிலாமணி சொட்டச் சொட்ட ஏறிச் சாவியைத் திருப்பினான். வண்டி ஒரே உறுமலில் கிளம்பியது.

“பார்த்தியா, பீடை போச்சு!”

மாசிலாமணி இறங்கி பானெட்டைத் தூக்கி, பிளக்குகளுக்குக் கரண்டு பிரியும் மூடியைக் காட்டினான். போன வாரத்து மஞ்சள் அதில் காய்ந்து ஒட்டியிருந்தது.

“நனைஞ்சா எனக்குத் தும்மல்தான் வரும் முதலாளி. இதுக்கு மூச்சே நின்னுடும்.”