மூன்று முறை கூப்பிட்டேன்

மருத்துவமனை முன்பதிவுத் தளத்தின் நான்கு சர்வர்களில் ஒன்று செத்துவிட்டது. வருபவர்களைப் பிரித்தனுப்பும் பட்டியலில் மட்டும் அது உயிரோடிருந்தது. நான்கில் ஒரு நோயாளி வெற்றுத் திரையின் முன் காத்திருந்தார்.

"எங்கிட்ட கேக்காம லிஸ்ட்ல கை வைக்காதம்மா. இன்னொரு புகார் வந்தா உனக்கு வேலை இல்ல" என்றார் மேலாளர் அனந்தபத்மன்.

ஒப்பந்த ஊழியை செங்கமலம் அன்றிரவு அனுமதி கேட்டு அவரை மூன்று முறை போனில் கூப்பிட்டாள். பதில் இல்லை. உதவி மேலாளரிடம் அனுமதி வாங்கி, செத்த சர்வரைப் பட்டியலிலிருந்து நீக்கினாள்.

மறுநாள் இயக்குநர் முன்னால் மேலாளர் சீறினார். "என்னை எப்படித் தாண்டிப் போன?"

"மூணு முறை கூப்பிட்டேன் சார், பதில் இல்ல. அடுத்தவர்கிட்ட போனேன். சர்வருக்கும் இதே விதியைத்தான் கேக்கறேன்: மூணு முறை கூப்பிட்டும் பதில் இல்லன்னா, அது தானா லிஸ்ட்ட விட்டுப் போகணும்."

"அப்போ நானும் செத்த சர்வரா?"

"இல்ல சார். இப்ப பதில் சொல்லிட்டீங்க, மறுபடி சேத்துக்கிட்டேன்."

இயக்குநர் சிரித்தபடி அந்த விதிக்குக் கையெழுத்திட்டார். செங்கமலம் இரவு விழித்திருந்த கொட்டாவியோடு இருக்கைக்குத் திரும்பினாள்.