தமயந்தி என்று அடித்தால் மறையும்

"அம்மா, வேண்டாம்னு தள்ளுற இடத்துல ஒண்ணை உள்ளே ஏத்துறது எப்படி?"

கேட்டவர் நல்லசிவம். மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் இருந்துவிட்டு, அறுபத்திரண்டு வயதில் ஆசிரமத்துக்கு வந்து சீடரானவர். குரு வடிவம்மா அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவர். களத்தில் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார்.

"எதை, எங்க ஏத்தணும்?"

"எக்ஸ்டென்ஷன்மா. பிரவுசரோட ஒட்டிக்கிட்டு வேலை செய்யும். கம்ப்யூட்டர்ல ஓடுது. போன்ல போட்டா, இந்தப் போனுக்குப் பொருந்தாதுங்குது."

"அது என்ன பண்ணும்?"

"நாம ஒரு பேரை அடிச்சுக் கொடுத்தா, அந்தப் பேர் வர்ற செய்தியையெல்லாம் கண்ணுல படாம மறைச்சுடும்."

"யார் பேரு?"

நல்லசிவம் வேறு பக்கம் பார்த்தார். யார் பேர் என்று ஆசிரமத்தில் இருந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும். தமயந்தி, அவருடைய ஒரே மகள். வங்கி வேலையை உதறிவிட்டு இணையத்தில் மழை நிலவரம் எழுதுகிறாள். அந்தக் கோபத்தில் மூன்று வருஷமாக அவளோடு பேச்சில்லை. ஆனால் எங்கள் வட்டாரத்து மழையை அவளைப்போலச் சொல்ல ஆளில்லை. காலையில் மழை வருமா என்று போனில் பார்த்துச் சொல்வது ஆசிரமத்தில் நல்லசிவத்தின் பொறுப்பு. தினமும் அவள் பெயரில்தான் போய் முட்டிக்கொள்வார். அன்றைக்கு முழுக்க அவருக்குச் சோறு இறங்காது.

"பொருந்தாதுன்னா விட்டுடுங்களேன், ஐயா" என்றார் வடிவம்மா.

விடுகிற ஆளா அவர்? மூன்று பிரவுசர்களை இறக்கிப் பார்த்தார். நாலாவதில், ஏதோ வீடியோவில் சொன்னபடி, செட்டிங்ஸுக்குள் போய் ஒரு படத்தை ஐந்து முறை தட்டினார். ஒளிந்திருந்த வழி திறந்தது. ஏற்றினார்; பிரவுசர் அப்படியே நின்றுபோனது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். பந்தியில் ஏற்றினார், பூசையில் ஏற்றினார். அந்தப் போனைப் பிடுங்கிக் கிணற்றில் போடலாம் என்று எங்களுக்கே கை துறுதுறுத்தது.

ஆறாம் நாள் காலை அது ஓடியது.

"இன்னிக்கு மழையைப் பத்தி ஒரு வரிகூட இல்லம்மா!" என்று உற்சாகமாக அறிவித்தார்.

நம்பி நெல்லைப் பரப்பினோம். பதினோரு மணிக்குக் கொட்டித் தீர்த்தது. இரண்டு மாதத்துச் சோறு களத்தில் மிதந்தது. சமையல்கட்டு ராசாமணி வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். எங்களில் யாரும் தடுக்கவில்லை.

முடிந்தவரை நெல்லை வாரிப் போட்டுவிட்டு, முந்தானையைப் பிழிந்துகொண்டே வடிவம்மா நல்லசிவத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எத்தனை தடவை ஏத்தினீங்க?"

"நாப்பது இருக்கும்மா."

"ஒவ்வொரு தடவையும் பேரை அடிக்கணுமா?"

"ஆமா. அழிச்சா அதுவும் போயிடும். புதுசா அடிக்கணும்."

"மூணு வருஷத்துல அந்தப் பேரை எத்தனை தடவை வாய்விட்டுச் சொன்னீங்க?"

நல்லசிவம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எடுத்துடறேம்மா" என்றார் கடைசியில். "இப்பவே எடுத்துடறேன்."

"எடுங்க, வைங்க, எனக்கென்ன" என்றார் வடிவம்மா அலுத்துப்போய். "அதே பேரை இன்னும் ஒரே ஒரு தடவை அடிச்சு, நம்பரைத் தேடி, அவளுக்கு ஒரு போன் போடுங்க. அதுக்கு எதையும் ஏத்த வேண்டாம். போனை வாங்கும்போதே அது உள்ள இருக்கு."