ஹைட்ரஜன் கிட்டும் ஒரு வாளிப் பாலும்

குன்றின் மேலிருக்கும் கரட்டு மடத்துக்குப் பால் அடிவாரத்தில்தான் வாங்க வேண்டும். ஜீப் அதற்கு மேல் ஏறாது. மிச்சம் படிக்கட்டு.

மாரப்பன் வாளி நிறையப் பாலோடு ஏறினான். இரண்டிரண்டு படியாகத் தாவி. எதையும் அப்படித்தான் செய்வான். வாளிக்கு மூடி இல்லை. அதைத் தொலைத்தவனும் அவன்தான். ஒவ்வொரு தாவலுக்கும் பால் தளும்பிக் கொட்டியது.

பின்னால் கரட்டுச் சாமி வந்தார். குருவுக்கும் சீடனுக்கும் ஒரே வயது. சீடன் தடி, குரு ஒல்லி. வித்தியாசம் அவ்வளவுதான் என்று மாரப்பனே சொல்லித் திரிவான்.

"வெரசா வாங்க சாமி. மேல நாச்சிமுத்து காத்துட்டிருக்காரு."

நாச்சிமுத்து அவன் தங்கை புருஷன். டாக்ஸி ஓட்டுகிறவர்.

"எதுக்கு?"

"டாக்ஸியை வித்துட்டு ஹைட்ரஜன் கிட் ஏஜென்சி எடுக்கப் போறாருங்க. வண்டியை வாங்கற ஆளு மத்தியானம் வர்றான். நான் சரின்னு ஒரு வார்த்தை சொல்லணுமாம்."

"நீ எதுக்குச் சொல்லணும்?"

"நம்ம ஜீப்புல மாட்டி ஓட்டிப் பார்த்தவன் நானுங்களே. டீசல் மிச்சமாகுதுன்னு தங்கச்சி முன்னால சத்தியமே பண்ணிட்டேன். ஆனா கிட் ஓடலைன்னா அந்த வீட்டுல அடுப்பு எரியாது. சரின்னு சொல்லட்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லிடுங்க."

சாமி சொல்லவில்லை. கேட்டார்.

"அது என்ன பண்ணுது?"

"தண்ணியில கரண்ட் விடுதுங்க. கேஸ் வருது. டீசலோட அதுவும் சேர்ந்து எரியுது."

"கரண்ட்?"

"பேட்டரியில இருந்துங்க."

"பேட்டரிக்கு?"

"இன்ஜின் சுத்தினா சார்ஜ் ஏறும்."

"இன்ஜின் எதுல சுத்துது?"

"டீசல்ல..." மாரப்பன் நின்றான். "அட, அது கொஞ்சூண்டு கரண்டுங்க சாமி."

மறுபடி தாவினான். பால் கொட்டியது.

"வாளி கனக்குதா?"

"கை கடுக்குதுங்க."

"கொடு. நான் பிடிச்சுக்கறேன்."

கொடுத்தான்.

"குனி."

குனிந்தான். சாமி வாளியோடு அவன் முதுகில் ஏறிக்கொண்டார்.

"நட."

நடந்தான். வேறென்ன செய்வான்?

"இப்ப வாளி யார் கையில?"

"உங்க கையிலங்க."

"கனம் குறைஞ்சுதா?"

"எங்கீங்க குறையுது? வாளியும் என் மேலதான். போதாததுக்கு நீங்க வேற."

"நான் கொஞ்சூண்டுதானே."

மாரப்பன் சில படி ஏறினான். பிறகு வெடித்தான்.

"அப்ப மிச்சமான டீசல்? அதே டேங்குல சந்தைக்கு ஒரு நடை கூடுதலாப் போய் வந்தேனே. அது பொய்யா?"

"நான் பொய்னு சொன்னேனா? கிட்டோட வேற என்ன மாட்டினாங்க?"

"ஒரு மீட்டருங்க. ஸ்டீயரிங் பக்கத்துல."

"மாட்டினப்புறம் எப்படி ஓட்டினே?"

"அதையே பார்த்துக்கிட்டு ஓட்டினேன். ஆக்சிலேட்டரை மிதிச்சா முள்ளு துடிக்குங்க. கிட் கெட்டுடுமோன்னு பயம். அதனால காலை அமுத்தாம, பதனமா..."



"இப்ப எப்படி நடக்கறே?"

"ஒவ்வொரு படியாத்தானுங்க. நீங்க விழுந்து வெச்சா?"

"பால்?"

மாரப்பன் திரும்பிக் கீழே பார்த்தான். சாமி முதுகில் ஏறிய படிவரை வெள்ளைச் சொட்டுகள். அதற்கப்புறம் காய்ந்த கல்.

மேலே ஏறினான்.

மடத்து வாசலில் நாச்சிமுத்து குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"என்ன மச்சான், சாமிக்குக் கால் சுளுக்கா, உங்களுக்கு வேண்டுதலா? சரி, ஆளு கிளம்பிட்டானாம். வண்டியை வித்துடலாமில்ல?"

"விக்காதீங்க மாப்பிள்ளை."

"என்னது? அப்ப நீங்க பண்ணின சத்தியம்?"

"டீசல் மிச்சமானது நெஜம்."

"பொறகென்ன? கிட்டுனாலதானே?"

"இல்லீங்க."

"அப்புறம் எதனால?"

மாரப்பன் கழுத்தைத் திருப்பி மேலே பார்த்தான்.

"வழியெல்லாம் பால் சிந்தினான். முதுகுல என்னை மாட்டினோம். பதனமா நடந்தான். சிந்தறது நின்னுடுச்சு," என்றார் சாமி. "உங்களுக்கும் ஒண்ணு வேணுமா?"

நாச்சிமுத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பைத்தியக்கார மடம் என்று முணுமுணுத்தார். ஆனால் போனை எடுத்து, வர வேண்டாம் என்று அந்த ஆளிடம் சொன்னார்.

சாமி இறங்கினார். வாளியை மாரப்பன் கையில் கொடுத்தார்.

"மடப்பள்ளிக்குக் கொண்டு போ. நான் கூட வரல."