மூன்றாம் முறை வந்த பச்சைக் கார்

கொல்லிமலை ஏற எழுபது கொண்டை ஊசி வளைவு. எழுபத்தொன்றாவது ஒன்றும் இருந்ததாம். அடிவாரத்துக்காரர் ஒருவர் அதை நிமிர்த்தி எடுத்துப்போய்த் தம் தோட்டத்துக்கு வாய்க்காலாக்கிக்கொண்டாராம். நம்பாதவர்கள் போய் எண்ணிப் பார்க்கலாம். எழுபதுதான் இருக்கும்.

அந்த அடிவாரத்தில் பூங்கொடியின் கார்ப் பட்டறை. அவளுக்கு நாற்பது வயது. அவளிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த பொன்னுரங்கத்துக்கு ஐம்பத்தாறு.

பொன்னுரங்கம் முன்பு பஸ் கண்டக்டர். அவர் விசில் ஊதினால் பஸ் மட்டுமா நிற்கும்? பக்கத்து வயலில் உழுகிற மாடும் நிற்கும். முதலாளி பஸ்ஸை விற்றபோது விசில் மட்டும் இவரிடம் தங்கிவிட்டது. அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டே பட்டறைக்கு வந்தார். வந்து ஒன்பது வருஷம்.

ஏறக்குறைய நாலு மாதத்துக்கு முன் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மிணி, சேந்தமங்கலத்துல ஒரு கொட்டாய் பார்த்து வெச்சிருக்கேன். போர்டு கூட எழுதியாச்சு. நான் எப்பத் தனியாக் கடை போடலாம்?"

பூங்கொடி அப்போது அவர் இரண்டாம் முறையாகப் பழுது பார்த்த ஒரு பச்சைக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மலைமேல் ஊசி போடப் போகிற சகாயமேரி நர்ஸின் கார். இருபத்தைந்து வருஷத்துக் கிழம்.

"இந்தக் கார் திரும்பி வராம இருந்தாப் போடுங்கண்ணா" என்றாள்.

இன்று காலை அது திரும்பி வந்துவிட்டது.

நர்ஸ் இறங்கும்போதே சொன்னாள். "மூணாவது வாட்டி. வளைவுல பிரேக் அடிச்சா நான் ஒரு பக்கம் போறேன், என் பின்சீட்டு ஒரு பக்கம் போகுது. இன்னைக்குச் சாயந்திரம் மலையேறணும். உசுரோட போய்ச் சேருவேனா, சொல்லுங்க."

பொன்னுரங்கம் அவசரமாக ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினார். பின்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். அசையவில்லை.

"கெட்டியா இருக்கு அம்மிணி. நர்ஸம்மா பயந்திருக்காங்க."

"எழுபது வளைவையும் தூக்கத்துலயே திரும்புவேன் நான். பயமாம்!" என்றாள் நர்ஸ்.

பூங்கொடி ஜாக்கியை இறக்கினாள். காரைத் தள்ளி, ஆள் இறங்கி அடிப்பக்கம் பார்க்கிற குழிமேல் நிறுத்தினாள். "உள்ளே இறங்கிப் பாருங்கண்ணா" என்று டார்ச்சைக் கொடுத்தாள்.

அவர் குழிக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தார். பின்சக்கர அச்சைப் பிடித்து நிற்கும் இரும்புக் கை, காரின் உடம்போடு சேருகிற இடத்தில் புஷ் என்கிற ரப்பர் உருளை. அவர் மாட்டியதுதான். மாட்டி நாலு மாதம்கூட ஆகவில்லை. பூங்கொடி லீவரைக் கொடுத்து நெம்பச் சொன்னாள். நெம்பினார். கார் தன் பாரத்தோடு நின்றுகொண்டிருக்க, ரப்பர் மெல்ல வாயைத் திறந்தது. அரை வட்டத்துக்குக் கிழிசல்.

"தூக்கிப் பார்த்தப்ப ஒண்ணும் தெரியலையே?"

"பாரம் இல்லாமத் தொங்குறப்ப யாரு குறை சொல்லுவா?"

பொன்னுரங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த ரப்பர்க் கடைக்காரனை விடப்போறதில்லை. முதல் தடவையும் அவன்கிட்ட வாங்கினது. ரெண்டாந்தடவையும் அவன்தான். செருப்புல இருந்து அறுத்துக் குடுத்திருக்கான்!"

"மேலே வாங்கண்ணா."

வந்தார். பூங்கொடி பழைய வேட்டித் துண்டு ஒன்றை நீளமாகக் கிழித்து நீட்டினாள்.

"காலை நீட்டி உட்காருங்க. இதை முட்டியைச் சுத்திக் கட்டுங்க. நல்லா இறுக்கி."

"எனக்கு முட்டி வலி இல்லையே."

"வரும். கட்டுங்க."

ஸ்டூலில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிக் கட்டினார். பல்லைக் கடித்து முடிச்சுப் போட்டார். முடிச்சு விஷயத்தில் அவர் கெட்டிக்காரர். பஸ் கூரையில் அவர் கட்டிய மூட்டை அவிழவே அவிழாது. இறக்குகிற ஊரில் சில சமயம் கூரையையும் சேர்த்தே இறக்குவார்கள்.

"கெட்டியா இருக்கா?"

"யானை இழுத்தாலும் வராது."

"சரி. டீ வந்திருக்கு. கீழே குந்தி உட்கார்ந்து குடிங்க."

பொன்னுரங்கம் குந்தினார். பாதியிலேயே துணி சதைக்குள் பாய்ந்தது. "ஐயோ அம்மா" என்று இன்னும் கொஞ்சம் மடக்கினார். டர்ரென்று கிழிந்தது.

நர்ஸ் சிரித்தாள். "நான் கட்டியிருந்தா மடக்கி வெச்சுல்ல கட்டியிருப்பேன்!"

பூங்கொடி சிரிக்கவில்லை. "துணி எந்தக் கடையிலண்ணா வாங்கினது?"

பொன்னுரங்கம் தரையில் உட்கார்ந்தபடியே பச்சைக் காரைப் பார்த்தார். நாலு மாதத்துக்கு முன் அதை உயரத் தூக்கி, சக்கரம் அந்தரத்தில் தொங்க, யானை இழுத்தாலும் வராதபடி அந்த நட்டை முறுக்கியது நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தைய தடவையும் அப்படித்தான். டீ ஆறிப்போயிற்று.

பிறகு எழுந்து, காரைத் தூக்கிப் புதுப் புஷ்ஷை மாட்டினார். நட்டைக் கையால் மட்டும் திருகி விட்டார். இறக்கினார். நர்ஸின் மருந்துப் பெட்டிகளைத் திரும்பப் பின்னால் ஏற்றினார். "நீங்களும் ஏறி உட்காருங்கம்மா" என்றார். காரின் முதுகை நாலு தடவை அழுத்தி விட்டார். அது தன் இடத்தில் தானாக அமர்ந்தபின் குழிக்குள் இறங்கி ஸ்பானரைப் போட்டு நட்டை முறுக்கினார்.

மேலே ஏறி வந்தபோது பூங்கொடி சாவியை நீட்டிக்கொண்டிருந்தாள்.

எந்த வண்டியானாலும் வேலை முடிந்ததும் அவள்தான் மூன்றாம் வளைவு வரை ஓட்டிப் பார்ப்பாள். ஒன்பது வருஷமாக அதுதான் வழக்கம். அவள் தலையை ஆட்டினால்தான் வேலை முடிந்த கணக்கு.

"நானா?" என்றார் பொன்னுரங்கம்.

"மூணு பத்தாது. எழுபதும் போயிட்டு வாங்க. நர்ஸம்மாவையும் விட்ட மாதிரி இருக்கும். கார் அங்கேயே நிக்கட்டும், நீங்க பஸ்ஸுல வந்துருங்க."

அவர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் அவரைப் பார்த்தாள். அவர் விரல் தானாகக் கழுத்து விசிலைத் தேடியது.

"நான் கண்டக்டர் அம்மிணி. முன்னாடி ஒருத்தர் இருந்தாத்தான் எனக்குத் தைரியம். நீ சும்மா பக்கத்துல உட்கார்ந்துக்க. ஒண்ணும் பேச வேண்டாம். உட்கார்ந்திருந்தாப் போதும்."

பூங்கொடி சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"நான் பக்கத்துல உட்கார்ந்தா உங்களுக்குப் பாரம் தெரியாது. அது ஜாக்கி வெச்ச மாதிரிங்கண்ணா."