காற்றாடி வந்த பாதை

மலைக் கணவாயை ஒட்டி ஒரு காடு இருந்தது. ஆடி மாதத்தில் அங்கே காற்று ஆளைத் தள்ளும். காற்றைத் தவிர வேறெதுவும் அங்கே தாராளமாகக் கிடைக்காது. மலையில் பெய்யும் கொஞ்ச மழை, ஒரே ஓர் ஓடை வழியாக இறங்கி அடிவாரத்துக் குளத்துக்கு வரும். கோடையில் எல்லா விலங்குகளும் குடிப்பது அந்தக் குளத்தில்தான்.

காளைக்கு அங்கே சோளக்கொல்லை இருந்தது. ஆட்டுக்குப் பயற்றங்கொல்லை, மயிலுக்குக் கம்பங்கொல்லை. எருமைக்கு மட்டும் நிலம் கிடையாது. அதற்குக் குளம்தான் வீடு. உச்சிவெயிலில் கழுத்துவரை தண்ணீரில் கிடக்காவிட்டால் அதன் தோல் வெடித்துவிடும்.

ஒரு நாள் நரி வந்தது. மலைக்கு அப்பால் இருக்கும் சிங்கத்தின் ஆள் அது.

"சிங்க ராஜா இங்கே காற்றில் இறக்கை சுற்றும் நாற்பது காற்றாடி நிறுத்தப்போகிறார். ஒவ்வொன்றும் ஆறு பனை உயரம். யார் நிலத்தில் நிற்கிறதோ அவர்களுக்கு வருஷாவருஷம் தவிடும் புண்ணாக்கும் வரும். ஆனால் உங்களைக் கேட்காமல் ஒரு குழிகூட வெட்டமாட்டோம். கூட்டம் போட்டுப் பேசுவோம்" என்றது.

"கேட்டுச் செய்கிறார்களே, மரியாதை தெரிந்தவர்கள்" என்று விலங்குகளுக்கு ஒரே மகிழ்ச்சி.

களத்துமேட்டில் முதல் கூட்டம் நடந்தது. நரி எல்லாருக்கும் சுண்டல் கொடுத்தது. காற்றாடி நிற்கும் இடங்களில் சுண்ணாம்பு அடித்த கற்களை நட்டிருந்தது.

"அந்தக் கல் என் வரப்பை மிதிக்குது. நாலடி தள்ளணும்" என்றது காளை.

"தள்ளிவிடலாம் காளையண்ணே."

"தள்ளினால் என் கொல்லைக்குள்ளே வருமே! அப்போ தவிடு எனக்குத்தானே?" என்றது ஆடு.

"அது எப்படி? கல்லு என்னோடது!"

"கல்லை வேண்டாம்னு தள்ளினவருக்குத் தவிட்டில் என்ன பேச்சு?"

நடுவில் மயில் கழுத்தை நீட்டியது. "நான் தோகை விரிக்கும்போது பின்னாலே அது சுற்றினால், என்னை யார் பார்ப்பார்கள்?"

"நியாயமான கேள்வி மயிலாரே. அடுத்த கூட்டத்தில் பேசுவோம்" என்றது நரி.

அடுத்த கூட்டத்தில் கல் நாலடி தள்ளியது. அதற்கடுத்த கூட்டத்தில் இரண்டடி திரும்பி வந்தது. யார் எதைக் கேட்டாலும் நரி தலையாட்டியது. தலையாட்டிவிட்டு இன்னொரு கூட்டம் வைத்தது. காலையில் தொடங்கினால் பொழுது சாயும்வரை பேச்சு. மூன்றாம் கூட்டத்தில் சுண்டல் நின்றது. ஐந்தாம் கூட்டத்தில் குடிக்கத் தண்ணீரும் இல்லை. காளையின் சோளத்தில் களை ஏறியது. ஆட்டின் பயற்றில் பூச்சி விழுந்தது. மயில் தோகை விரித்து எத்தனையோ நாளாகிவிட்டது.

எருமை எல்லாக் கூட்டத்துக்கும் வந்தது. ஓரமாக உட்கார்ந்து அசைபோட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை.

"எருமையக்காவுக்கு என்ன, நிலமா நீச்சா? பொழுது போகுது" என்று ஆடு கேலி செய்தது.

ஆனால் எருமை சும்மா இருக்கவில்லை. நரி முதல் நாள் சொன்ன ஆறு பனை உயரத்தைத்தான் இன்னும் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

ஏழாவது கூட்டம். நாற்பது கல்லும் ஒருவழியாக முடிவாகிவிட்டன. காளை பாதிக் கண்ணை மூடியிருந்தது. அப்போது நரி கடைசியாக ஓர் ஓலையை எடுத்தது.

"ஒரே ஒரு சின்ன விஷயம். சாமான் கொண்டுவர ஒரு பாதை. புறம்போக்கில்தான் போகிறது, யார் கொல்லையையும் தொடாது. எல்லாரும் சம்மதம் என்று இந்த ஓலையில் கால்தடம் வைத்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம்."

"யார் கொல்லையையும் தொடாதா? அப்புறம் என்ன, இப்படிக் கொடு" என்றது காளை.

அப்போதுதான் எருமை வாயைத் திறந்தது.

"நரித் தம்பி, அந்தக் காற்றாடி இறக்கை எவ்வளவு நீளம்?"

"என்னைப் போல் முப்பது பேர் வரிசையாக... இல்லை, உங்களைப் போல் முப்பது பேர் நிற்கிற நீளம் அக்கா."

"மடக்கலாமா?"

"மடக்க முடியாது."

"அவ்வளவு நீளத்தைச் சுமந்துகொண்டு வண்டி ஓடையில் இறங்கி ஏறாதே?"

நரி இருமியது. "அதனால்தான் ஓடைமேல் மண்மேடு போட்டு, அதன்மேல் பாதை."

"மேடு போட்டால் தண்ணீர் எப்படிக் குளத்துக்கு வரும்?"

நரிக்குப் பதில் தெரியும். அதனால் அது எருமையைப் பார்க்காமல் மற்றவர்களைப் பார்த்தது.

"அருமையான கேள்வி! இதற்குச் சரியாகப் பதில் சொல்ல மலையை அளக்கணும், மழையை அளக்கணும். இன்னும் மூன்றே மூன்று கூட்டம் போட்டால் போதும். போடலாமா?"

"இன்னும் மூன்றா!" என்று களமே அலறியது.

"அக்கா, என் சோளத்தில் களை இடுப்பளவு நிற்குது. விட்டுவிடு" என்றது காளை.

"ஆறு கூட்டமாக வாயில் என்ன, கொழுக்கட்டையா?" என்றது ஆடு.

"தண்ணீருக்குப் போக வழி தெரியாதா? அதுபாட்டுக்குப் போகும்" என்று கொட்டாவி விட்டது மயில்.

எருமை சுற்றிப் பார்த்தது. ஒரு முகத்திலும் உயிர் இல்லை. ஏழு நாள் வெயிலில் உட்கார்ந்து அதன் முதுகும் எரிந்தது. போய்க் குளத்தில் விழுந்தால் போதும் என்றிருந்தது.

"சரி" என்றது. ஓலையில் பதிந்த முதல் குளம்பு அதனுடையதுதான்.

பாதை வந்தது. இறக்கைகள் வந்தன. நாற்பது காற்றாடியும் சுற்றின. சொன்னபடி தவிடும் வந்தது. ஐப்பசியில் மலையில் மழையும் பெய்தது.

ஓடையில் இறங்கிய தண்ணீர் மேட்டில் முட்டியது. ஒரு நாள் தேங்கி நின்றது. பிறகு பக்கவாட்டில் திரும்பி, காளையின் சோளத்தைச் சாய்த்துக்கொண்டு, எங்கோ தரிசில் போய் மறைந்தது. குளத்துக்கு ஒரு கை தண்ணீர் வரவில்லை. மாசியில் சேறு வெடித்தது. பங்குனியில் எல்லாரும் நாக்கு வறண்டு நரியிடம் ஓடினார்கள்.

"பாதையை வெட்டி ஓடையைத் திற!"

"வெட்டலாமே" என்றது நரி. அதன் குரலில் துளிக் கோபம் இல்லை. "உங்களைக் கேட்காமலா? எந்த இடத்தில் வெட்டுவது என்று கூடிப் பேசுவோம்."

"என் பக்கம் வெட்டாதே, மறுபடி வெள்ளம் வரும்" என்றது காளை.

"என் பக்கம் மட்டும் என்ன, இனிக்குமா?" என்றது ஆடு.

"நியாயம், நியாயம்" என்று நரி தலையாட்டியது.

எருமை அங்கே நிற்கவில்லை. தண்ணீருள்ள அடுத்த குளம் இரண்டு நாள் தொலைவில் இருந்தது. வெடித்த தோலோடு அது பாதை வழியே நடந்தது. காற்றாடியின் நிழல் அதன் முதுகில் விழுந்தது. விழுந்த வேகத்திலேயே விலகிப் போனது.

நீதி: நாம் களைத்துப்போய்ச் சொல்லும் 'சரி'க்காகத்தான் தந்திரக்காரன் காத்திருக்கிறான், கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை ஒப்புக்கொள்ளாதே.