மூன்றாம் வரிசைத் தக்காளி

சாமியம்மாவின் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே இருக்கிறவர்கள் முறை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு வாரம் மௌனம் இருக்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. சைகை காட்டுவதும் எழுதிக் காட்டுவதும்கூடக் கூடாது.

அந்த வாரம் தணிகாசலத்தின் முறை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சாமியம்மாவைவிட வயதில் மூத்தவர். காலமெல்லாம் கத்திப் பழகின தொண்டை. அது ஒரு வாரம் சும்மா இருக்குமா என்று மடமே வேடிக்கை பார்த்தது. இருந்துவிட்டார், பாருங்கள். உட்காருவதற்கு அவர் பிடித்துக்கொண்ட இடம், பிளாஸ்டிக் கூரை போட்டுத் தக்காளி வளர்க்கிற பசுமைக்குடில். அங்கேதான் ஆள் நடமாட்டம் குறைவு.

விரதம் முடிகிற மணி அடித்தது. பிரசாதம்கூட வாங்காமல் சாமியம்மா முன்னால் போய் நின்றார்.

"அந்த மாதப்பனை இன்னைக்கே வெளியே அனுப்புங்கம்மா!"

"வாயைத் திறந்ததும் இதுதான் வந்துச்சா?"

"வயிறு எரியுதும்மா. வந்து பாருங்க, வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க."

சாமியம்மா போனார். குடிலுக்குள் மூன்றாம் வரிசை மட்டும் இலை சுருண்டு நின்றது. பழுத்தது, பழுக்காதது எல்லாம் வாய் பிளந்து கிடந்தன. புளித்த வாடை. ஈ மொய்த்தது.

தண்ணீர் விடுகிற வேலை மாதப்பனுடையது. சின்ன வயசுக்காரன், மடத்தை விட்டால் போக்கிடம் இல்லாதவன். கையில் ஓஸ் பைப்போடு நின்றுகொண்டிருந்தான்.

"என்னடா இது?"

"இந்த வரிசைச் சொட்டுக் குழாய்ல உப்பு அடைச்சிருச்சும்மா. நான் மோட்டாரைப் போட்டுட்டு பஜனைக்குப் போயிருவேன். அடைச்சதைப் பார்க்கலை. நேத்துதான் கண்ணுல பட்டுச்சு. பதறிப்போய் ஓஸ்ல திறந்து விட்டேன். காலையில பார்த்தா எல்லாம் வெடிச்சு நிக்குது."

"வெடிக்காம என்ன செய்யும்? காயப்போட்டுட்டு ஒரேயடியா ஊத்தினா?" தணிகாசலம் பாய்ந்தார். "பஜனையில ஜால்ரா தட்டுறவனுக்குச் செடியா தெரியும்? இவனை மாதிரி ஆளை எல்லாம் நான் நடுவழியில விசிலடிச்சு இறக்கி விட்டிருக்கேன்."

"இறக்கி விட்டா நான் எங்கேண்ணா போவேன்?"

"அது கொட்டம் அடிக்கும்போது தெரிஞ்சிருக்கணும்!"

சாமியம்மா குனிந்தார். புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிச் சொட்டுக் குழாயின் வாயில் விட்டுத் திருகினார். வெள்ளையாக ஒரு பொடி உதிர்ந்தது. தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. அவ்வளவுதான் வேலை.

"இது எப்போ வாட ஆரம்பிச்சுது?"

மாதப்பன் விழித்தான். "தெரியலம்மா."

"அவனுக்கு எப்படித் தெரியும்? என்னைக் கேளுங்க. விரதம் தொடங்கின மறுநாளே இலை சுருண்டுச்சு. அப்புறம் தலை தொங்கிருச்சு. எல்லாம் என் கண்ணெதிரேதான். இவனும் என் முன்னாலயே போறான், வர்றான். வார்த்தை தொண்டை வரைக்கும் வரும்மா. முழுங்கிட்டேன். ஒரு முனகல்கூட வெளியே விடலை!"

சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

சாமியம்மாவின் முகம் சிவந்துவிட்டது. அவர் கோபப்பட்டு மடத்தில் யாரும் பார்த்ததில்லை.

"இந்த வாரம் மழை பெஞ்சுதே?"

"பெஞ்சுதும்மா. கூரையில தடதடன்னு ஒரே சத்தம்."

"உள்ளே விழுந்துச்சா?"

"கூரை போட்டிருக்கோமே, எப்படி விழும்?"

"அப்போ இதுங்களுக்குத் தண்ணி யாரு கொடுக்கணும்?"

"மாதப்பன்தான். அவன் வேலை அது."

"அந்த மூலையில தொட்டி இருக்கே. அதுல தண்ணி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"செம்பு?"

தணிகாசலம் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் இருந்துச்சு."

"வாய்க்குத்தானேய்யா விரதம் சொன்னேன். கைக்குமா?"

தணிகாசலத்துக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

"என்ன நியாயம்மா இது? செடியைக் கொன்னவன் அங்கே நிக்கிறான். விரதத்தைக் காப்பாத்தினவனை நிறுத்தி வச்சுக் கேள்வி கேக்கறீங்க! நான் ஒரு விதியை மீறினேனா? சொல்லுங்க. இல்லை, இவனை அனுப்புவீங்களா மாட்டீங்களா, அதையாவது சொல்லுங்க!"

"மாதப்பா, உன்கிட்ட அப்புறம் பேசிக்கிறேன். போய் மத்தக் குழாயையெல்லாம் குத்தி விடு" என்று ஊக்கை அவனிடம் கொடுத்தார் சாமியம்மா. பிறகு தணிகாசலத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"அனுப்பிடலாம்யா. அனுப்பிட்டு இந்தச் செடிங்களை யாரை நம்பி விடட்டும்? உங்களை நம்பியா?"